வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: சூரியன், வீடு, மீன், விளக்கு, சங்கு

கேள்வி: ஈழமக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி தேர்தலுக்குத் தேர்தல் வேறு வேறு கூட்டில் நிற்கிறது. இது வளர்ச்சியா, தேய்வா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபையை ஆண்ட கட்சி அது. 1990இல் அதன் தலைவர் பத்மநாபா சென்னையில் கொல்லப்பட்டார். பின்னர் கட்சி உடைந்தது. நீங்கள் கேட்பது சுரேஷ் பிரேமச்சந்திரன் அணியைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அணி 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்போடு சூரியன் சின்னத்தில் நின்றது. அந்தச் சின்னத்துக்குரிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் ஆனந்தசங்கரி நீதிமன்றம் போனதால் சூரியன் கைவிட்டுப் போக, 2004இல் தூசி தட்டி எடுத்த தமிழரசுக் கட்சியின் வீட்டுக்குள் எல்லோரும் குடிபுகுந்தார்கள். பிறகு பிணக்கு. 2018இல் மறுபடியும் சூரியன், 2020இல் வடக்கின் முன்னாள் முதலமைச்சர் விக்னேஸ்வரனோடு மீன், 2023 தொடக்கத்தில் ரெலோ, புளொட் ஆகிய கட்சிகளோடு குத்துவிளக்கு. உள்ளூராட்சித் தேர்தல் அப்போது நடக்காமல் போனதால் அந்த விளக்கில் ஒரு புள்ளடியும் விழவில்லை. 2024இல் அதே கூட்டோடு சங்கு.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போவதுண்டு. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நீண்ட வாக்குச்சீட்டை மேசையில் விரித்துவைத்து, விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார். “மகன், எங்கட வீடு எங்கே?” என்று கேட்டார். சொல்ல எனக்கு அனுமதியில்லை. கட்சிப் பெயர் எதையும் அவர் வாசிக்கவில்லை, கூரையைத்தான் தேடினார். அந்த அம்மாவிடம் மீனையும் விளக்கையும் சங்கையும் மாறி மாறி நீட்டுகிறவர் தன் வாக்கைத் தானே கரைக்கிறார். ஆகவே என் பதில், தேய்வு.

கேள்வி: பிறகேன் ஒரே கட்சியாக இணையாமல் இருக்கிறார்கள்?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேட்புமனுவில் கையெழுத்து வைப்பவர் பதிவுபெற்ற கட்சியின் செயலாளர். இணைந்தால் செயலாளர் ஒருவர்தான். மற்றவர்கள் அவருடைய வாசலில் நிற்க வேண்டும். கூட்டு என்றால் அந்தச் சங்கடம் இல்லை, அடுத்த தேர்தலுக்குள் பிரிந்துவிடலாம்.

அதன் விலையை வன்னியில் கண்ணால் பார்த்தோம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த நம் தேர்தல் மாவட்டத்துக்கு 6 பாராளுமன்ற ஆசனங்கள். அதில் ஒன்று முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸ். வீட்டுக்கு 2015இல் 4, 2020இல் 3. 2024இல் வீட்டுக்கு 1, சங்குக்கு 1. அந்தத் தேர்தலில் வீடு ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்குகளும் சங்கு ஏறத்தாழ 21 ஆயிரமும் எடுத்தன; முதலிடம் பிடித்த தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு ஏறத்தாழ 40 ஆயிரம். கூட்டிப் பாருங்கள். போனஸ் ஆசனத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தவர்கள் நம்மவர்களே. இதைச் சொன்னால் இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும். எனக்கு இரண்டு பேரிலும் கோபம்.

கேள்வி: அடுத்த தேர்தலில் எந்தச் சின்னத்தில் நிற்பார்கள்?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: இராசிபலன் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.