‘மேக்’ என்ற ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது? ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

மாலை நேர ஆங்கில வகுப்பு சில வருடங்கள் எடுத்திருக்கிறேன். அங்கே மாணவர்களை அதிகம் படுத்திய சொல் இதுதான். டீ போட்டாலும் மேக், முடிவு எடுத்தாலும் மேக், படுக்கையை உதறி விரித்தாலும் மேக், ஓடிப்போய் ரயிலைப் பிடித்தாலும் மேக். ‘மேக் என்றால் தயாரித்தல்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள், “அவள் காலையில் படுக்கையைத் தயாரித்தாள்” என்று எழுதி நீட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேரை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘மாக்கியன்’. ஜெர்மன் மொழியிலும் டச்சு மொழியிலும் இதன் உடன்பிறப்புகள் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. இன்னும் பின்னால் போனால், ஆங்கிலம், ஜெர்மன், கிரேக்கம் போன்ற மொழிகளுக்கெல்லாம் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் வேர் ஒன்றை மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். அதன் பொருள் பிசைதல், பிசைந்து உருக்கொடுத்தல், பொருத்துதல். எரிமலைக்குள் கொதிக்கும் குழம்பை ‘மாக்மா’ என்கிறோமே, அதுவும் பிசைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜோடி என்ற பொருளில் வரும் ‘மேட்ச்’ என்ற சொல்லையும் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். ஒன்றோடொன்று பொருந்துவதுதானே ஜோடி!

வகுப்பில் இதைச் சொன்னபோது, புரோட்டாக் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பிக்குச் சட்டென்று பிடிபட்டது. “மாவு ஏற்கெனவே இருக்கு சார். நாம பிசைஞ்சு, வீசி, சுருட்டி ஒரு உருவத்துக்குக் கொண்டுவர்றோம், அவ்வளவுதானே?” என்றார். அதேதான். இருப்பதை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது என்று எடுத்துக்கொண்டால், மேக் போகும் இடமெல்லாம் புரிந்துவிடும். கலைந்து கிடக்கும் படுக்கை ஒழுங்குக்கு வருகிறது. அலைபாயும் மனம் முடிவுக்கு வருகிறது. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை அழும் நிலைக்கு வருகிறது. இந்தக் கடைசிப் பயன்பாடு நமக்குப் புதிதே இல்லை, ‘அழச் செய்தான்’ என்று நாமும் செய் என்ற வினையைத்தான் துணைக்கு அழைக்கிறோம். அப்புறம், நம்முடைய ‘போடு’வை நினைத்துப் பாருங்கள். டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். வெளியாள் ஒருவர் தமிழ் கற்க வந்தால் போடுவிடம் அவர் படும் பாட்டைத்தான் நாம் மேக்கிடம் படுகிறோம்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் ஒன்றைச் செய்வதற்குப் பெரிதும் வழங்கிய வினை மேக் அல்ல, இன்றைய ‘வொர்க்’கின் மூதாதையான ‘விர்க்கன்’. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் மேக் அந்த இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. விர்க்கன் அடியோடு அழிந்துவிடவில்லை. அதன் பழைய இறந்தகால வடிவம் ‘ராட்’ என்று, தேனிரும்பின் ஆங்கிலப் பெயரான ‘ராட் அயர்ன்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்பவரைக் குறித்த ‘ரைட்’ என்ற சொல்லும் அந்தக் குடும்பமே. கப்பல் கட்டுபவர் ‘ஷிப்ரைட்’, நாடக ஆசிரியர் ‘ப்ளேரைட்’. எழுதுவதற்கும் இந்த ரைட்டுக்கும் சம்பந்தம் கிடையாது, எழுத்துக்கூட்டலும் வேறு. தச்சரைப் போல நாடகத்தைக் கட்டுபவர் என்று அர்த்தம்.

இறந்தகாலம் ஏன் ‘மேட்’ என்று சிலர் கேட்பார்கள். முன்பு ‘மாக்கட்’ போல ஒரு வடிவம் இருந்தது. பேசிப் பேசி நடுவிலிருந்த ககரம் தேய்ந்துவிட்டது.

சரி, கவிதைக்கும் இதற்கும் என்ன உறவு என்று பார்ப்போம். ஸ்காட்லாந்தில் கவிஞரை ‘மாக்கர்’ என்று அழைக்கும் பழைய வழக்கம் உண்டு, செய்பவர் என்றே பொருள். 2004இல் அதை நாட்டின் தேசியக் கவிஞருக்கான பட்டமாகவே ஆக்கினார்கள். முதலில் அதைப் பெற்றவர் எட்வின் மார்கன். ‘பொயட்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் செய்பவர் என்றுதான் பொருள். இதைப் படித்த அன்று எழுந்துபோய்த் தமிழ் அகராதியில் ‘செய்யுள்’ இருக்கும் பக்கத்தை எடுத்தேன். நம்மவர்களும் கவிதைக்குப் பெயர் வைக்கும்போது ‘செய்’யைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘மாக்கர்’ என்று எழுதி வைத்தேன், இன்னும் அழிக்கவில்லை.