ஏசி சீல் மாற்றியும் கேஸ் நிற்கவில்லை: ஒர்க்‌ஷாப் மீது புகார் செய்யலாமா?

கேள்வி: என் காருக்கு ஆறு வயது. ஏசி குளிரவில்லை என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்த முறை, "எல்லா சீலையும் மாற்றிவிட்டோம்" என்றார்கள். பில்லில் 'ஏசி வேலை' என்று ஒரே வரி. ஆறு வாரத்தில் குளிர்ச்சி போய்விட்டது. வேறொரு மெக்கானிக் சாயம் விட்டுப் பார்த்து, கம்ப்ரஸரில் குழாய் சேரும் இடத்தில் கசிகிறது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) பழையதாகத்தான் இருக்கும் என்கிறார். இன்னும் கழற்றவில்லை. முதல் ஒர்க்‌ஷாப்போ, "கேஸுக்கு வாரன்ட்டி கிடையாது, கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும்" என்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இணைப்பை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து அவசரமாகச் சரிசெய்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. கசிவு எங்கே இருந்தது என்பதைக் காட்ட அவர்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். கார் ஏசி என்பது மூடிய சுற்று. பெட்ரோல் போல அதில் கேஸ் செலவாவதில்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். இரண்டு மாதத்தில் காலியானால் அது கசிவுதான். கசிவைத் தேடாமல் நிரப்பிக் கொடுத்தது முதல் தவறு. அதற்குப் பிறகு சீல் மாற்றினோம் என்றவர்கள், வேக்குவம் போட்டு, அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, ஏதாவது சோதித்தார்களா என்று கேளுங்கள். அதுவும் போதாது. வேக்குவம் நிற்கிறது என்பதாலேயே லீக் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளிழுக்கும்போது அடைத்துக்கொள்ளும் ரிங், அழுத்தம் ஏறும்போது கேஸை விட்டுவிடலாம். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றியோ, டிடெக்டர் வைத்தோ, புறஊதா விளக்கில் சாயம் பார்த்தோ உறுதி செய்வதுதான் முறையான வேலை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11) இதைத்தான் 'சேவைக் குறைபாடு' என்கிறது. வேலையின் தரத்தில் உள்ள குறை மட்டுமல்ல, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். மாற்றாத சீலை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அது முறையற்ற வணிக நடைமுறையும் ஆகும். 'கேஸுக்கு வாரன்ட்டி இல்லை' என்பதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் கேட்பது செய்த வேலைக்கான பொறுப்பை.

ஆனால் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரரே. எஸ்ஜிஎஸ் இந்தியா எதிர் டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அந்த ரிங்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். இன்ன தேதியில், இன்ன இடத்தில் இணைப்பைத் திறக்கப்போகிறோம், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. வந்தால் நல்லது, வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகிவிடும். அந்த நாளில் முதலில் சாயம் ஒளிரும் இடத்தை, வண்டியின் பதிவு எண்ணும் தெரியும்படி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கேஸை மெஷினில் இழுத்துக்கொண்ட பிறகுதான் திறக்க வேண்டும். வெளியே வரும் ரிங் கறுத்து, ஒரு பக்கம் தட்டையாக அமுங்கி, வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா? ஆறு வாரத்துக்கு முன் போட்ட ரிங் அப்படி ஆகாது. தப்பான ரப்பரைப் போட்டிருந்தால் உப்பிப்போகலாம். அப்படியானாலும் பொறுப்பு அவர்களுடையதே. ரிங்கை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மெக்கானிக்கிடம் லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்கி, பின்னால் பிரமாணப் பத்திரமாகவும் தரச் சொல்லுங்கள். போட்டோ, வீடியோவுடன் பாரதிய சாக்‌ஷிய அதினியம், 2023 (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்து பார்த்தபின் அந்த ரிங் புதிதாக இருந்து, கசிவு கூலிங் காயிலிலோ கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீலிலோ என்று தெரிந்தால், உங்கள் வழக்கு சுருங்கும். அப்போது, 'சோதிக்காமல் வண்டியை விட்டார்கள்' என்பது மட்டும் மிஞ்சும். அதேபோல, கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே ஜாப் கார்டில் எழுதி, நீங்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், அதை இப்போதே தேடி எடுத்துப் பாருங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் சரியாக வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில ஒர்க்‌ஷாப்புகள் அங்கேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வாடகைக்கு ஓட்டும் வண்டியானாலும், உங்கள் பிழைப்புக்காக நீங்களே ஓட்டினால் நுகர்வோர் என்ற உரிமை போகாது.

புகாரில், இரண்டு முறையும் கட்டிய தொகை, இப்போது சரிசெய்ய ஆகும் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். புது கம்ப்ரஸர் வேண்டும் என்று கேட்டு எழுதாதீர்கள். கம்ப்ரஸர் கெட்டதே அவர்களால்தான் என்று காட்ட உங்களிடம் இப்போது ஒன்றும் இல்லை. கேஸ் இல்லாமல் ஏசியைப் போட்டு ஓட்டினால், ஆயில் சுற்றாமல் அது நிஜமாகவே கெட்டு, பழி உங்கள் மேல் திரும்பும். இணைப்பைத் திறந்து பார்க்கும் நாள்வரை ஏசி பட்டனை அழுத்தாமல் ஓட்டுங்கள்.