தூரிகைப் பக்கம்: ஆலைத் தெருவும் அதன் மனிதர்களும் (வாசகர் கேள்வி – பதில்)

இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரத்து ஆலைத் தெருக்களை வாழ்நாள் முழுக்க வரைந்த எல்.எஸ். லௌரி (1887–1976) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, தாங்கள் வளர்ந்த தொழிலாளர் தெருவை வரைய உட்கார்ந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: லௌரியின் வானமும் தரையும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. ஆனாலும் படம் வெறிச்சென்று இல்லை. நான் டைட்டானியம் வெள்ளையைப் பூசினால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல நிற்கிறது. ஏன்?

அவருடைய வெள்ளை ஒரே நாளில் வந்த வெள்ளை அல்ல. ஆரம்பத்தில் அவர் படங்கள் இருண்டு கிடந்தன. ‘மான்செஸ்டர் கார்டியன்’ விமர்சகர் பெர்னார்ட் டெய்லர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் லௌரி வெள்ளைப் பின்னணிக்கு மாறினார். ஒரு பலகையில் ஈய வெள்ளையை அடுக்கடுக்காகப் பூசி, சில வருடங்கள் மூடி வைத்துவிட்டுப் பிறகு எடுத்து, புதிதாகப் பூசிய பலகையோடு ஒப்பிட்டும் பார்த்தார். பழையது பாலாடை நிறத்துக்கு இறங்கியிருந்தது. அவர் வேண்டியது அதுதான்.

ஈய வெள்ளை நஞ்சு. வீட்டில் அதைத் தொட வேண்டாம். டைட்டானியத்தை வைத்தே சமாளிக்கலாம். ஒரு தேக்கரண்டி டைட்டானியம் வெள்ளைக்குப் பட்டாணி அளவு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), குண்டூசித் தலை அளவு ஐவரி பிளாக் (கறுப்பு). வண்ணம் கலக்கும் தட்டில் பார்க்கும்போது அழுக்காகத் தெரியும். பக்கத்தில் கறுப்பு உருவம் வந்ததும் வெள்ளையாகிவிடும். தரைக்கு ஓக்கரை ஒரு துளி கூட்டுங்கள், வானத்துக்குக் கறுப்பை ஒரு துளி கூட்டுங்கள். அந்த மயிரிழை வேறுபாடுதான் வெறுமையைப் போக்குகிறது.

ஒரே தடவையில் தடிமனாக அப்பாதீர்கள். வண்ணம் பூசும் கத்தியால் மெல்லிசாக இழுத்து, ஒரு வாரமாவது காயவிட்டு, மறுபடி இழுங்கள். மூன்று அடுக்கு போதும். ஜிங்க் வெள்ளை வேண்டாம். காய்ந்தபின் நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு, நாளடைவில் வெடித்துச் செதிலாக எழும்பும். காயும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவும் கூடாது. எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தால், சில வாரம் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு தெளியும்.

கேள்வி: பழைய காலத்துத் தெரு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். முடித்த படத்தின் மேல் பழுப்பு கலந்த வார்னிஷ் ஒரு கை பூசலாமா?

கூடாது. ஏக்கத்தை வரவழைக்க இதைவிடத் தவறான வழி கிடையாது. பழுப்பு மேலே ஏறியதும் வெளிச்சப் பகுதிகள் எல்லாம் ஒரே தரத்துக்கு இறங்கிவிடும். காலை எது, மாலை எது என்றே தெரியாது. அந்தத் தெரு உங்கள் நினைவில் பழுப்பாகவா இருந்தது? வாசலில் காய்ந்த சிவப்புத் துணி சிவப்பாகத்தானே இருந்தது?

லௌரி பயன்படுத்தியது ஐந்தே ஐந்து நிறம்: ஐவரி பிளாக், சாதிலிங்கச் சிவப்பு, பிரஷ்யன் நீலம், யெல்லோ ஓக்கர், ஈய வெள்ளை. அந்த ஐந்தில் பழுப்பே இல்லை. செங்கல் சுவரின் பழுப்பு வேண்டுமானால் சிவப்பு, ஓக்கர், கொஞ்சம் கறுப்பு சேர்த்துத் தட்டிலேயே கலக்க வேண்டும். அப்படிக் கலந்த பழுப்பு சுவருக்குச் சுவர் கொஞ்சம் மாறும். குழாயிலிருந்து வந்த பழுப்பு மாறாது. சாதிலிங்கத்துக்குப் பதில் இப்போது காட்மியம் சிவப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்யன் நீலத்தைக் கத்தி முனையால் தொட்டு மட்டும் சேருங்கள், கொஞ்சம் கூடினாலும் தட்டு முழுவதையும் விழுங்கிவிடும்.

வார்னிஷ் தனி விஷயம். எண்ணெய் வண்ணம் முழுதாகக் காய ஆறு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் பூசினால் பிசுபிசுப்பு போகாது, சில இடங்களில் மேற்பரப்பு வெடிக்கும்.

கேள்வி: ஆலை விடும் நேரத்துக் கூட்டத்தை வரைகிறேன். மனிதர்கள் தரையில் நிற்காமல் மிதக்கிறார்கள். தூரத்தில் உள்ளவர்கள் சிறுவர்கள் போலத் தெரிகிறார்கள்.

அடிவானக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண் மட்டத்தில் வரும் கோட்டை, முடிவு செய்யாமல் ஆட்களை வரைய ஆரம்பித்திருப்பீர்கள். சமதளத் தெருவில் நீங்களும் நின்று பார்ப்பதாக வரைந்தால், அருகில் உள்ளவர், தூரத்தில் உள்ளவர் எல்லாருடைய தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். அளவு மாறுவது பாதங்கள் இருக்கும் இடத்தால்தான்.

கூட்டத்தைக் காட்ட இந்தக் கோணம் உதவாது, முன்னால் நிற்பவர் பின்னால் உள்ளவரை மறைத்துவிடுவார். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லௌரியின் பெரும்பாலான படங்களும் சற்று உயரத்திலிருந்து பார்த்தவைதான். கண் மட்டம் ஓர் ஆளின் உயரத்தைப் போல மூன்று மடங்கு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மிக எளிது. பாதத்திலிருந்து அடிவானக் கோடுவரை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கை ஆளின் உயரமாக வையுங்கள். 9 செ.மீ. என்றால் ஆள் 3 செ.மீ.; 6 என்றால் 2; 3 என்றால் 1. தாளின் எந்த மூலைக்கும் இது பொருந்தும். சிறுவர்களுக்கு அந்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கதவு, அதன் முன் நிற்கும் பெரியவரைவிடக் கால் பங்கு கூடுதல் உயரம். கதவு தவறினால் தெருவே பொம்மை வீடாகிவிடும், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அடுத்தது உடம்பின் சாய்வு. லௌரியின் உருவங்களுக்குத் ‘தீக்குச்சி மனிதர்கள்’ என்று பெயரே வந்துவிட்டது. அதனால் அவை எளிது என்று நினைக்கிறார்கள். மான்செஸ்டர் கலைப் பள்ளியில் அடால்ஃப் வாலெட் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் மாலை வகுப்பில் வருடக்கணக்கில் உருவம் வரைந்து பழகியவர் லௌரி. வேலை முடிந்து போகிறவர் இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார். பேசிக்கொண்டு நிற்பவர் ஒரு காலில் எடையைப் போடுவார். சுமை தூக்கியவர் எதிர்ப்பக்கம் வளைவார். முதல் கோடு அந்தச் சாய்வாக இருக்கட்டும். தலையும் காலும் அப்புறம். பாதங்களைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், ஆள் தரையைப் பிடித்துக்கொள்வார்.

லௌரி நிழலைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். நீங்கள் நிழல் போடுவதானால் எல்லாருக்கும் ஒரே பக்கம் போடுங்கள், பாதத்தைத் தொட்டுத் தொடங்குங்கள். தொடாத நிழல்தான் ஆளை மிதக்கவிடுகிறது. ஆட்களைச் சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். நாலைந்து பேர் நெருக்கம், பிறகு வெறும் தரை, பிறகு தனியாக ஒருவர். பின்னால் போகப்போகக் கறுப்பில் வெள்ளையைக் கூட்டுங்கள், முகமும் கையும் தேவையில்லை. சிவப்பை மூன்று நாலு இடத்தில் மட்டும் வையுங்கள்.

புகைபோக்கிகள் பல இருந்தால் புகை எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், வரும் படங்களில் பாதியில் இது தவறுகிறது. வெள்ளை ஈரமாக இருக்கும்போதே சாம்பல் நிறத்தை விரலால் தேய்த்தால் புகை வந்துவிடும். லௌரியும் விரல், நகம், தூரிகையின் பின்முனை எல்லாம் பயன்படுத்தியவர்தான்.

கேள்வி: இடித்துவிட்ட தெரு. கையில் இரண்டு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் இருக்கிறது. எப்படி வரைவது?

முதலில் படம் வேண்டாம், தரைப்படம் போடுங்கள். தெருவை மேலிருந்து பார்ப்பதாக வைத்து, வீடுகளை எண்ணி, கதவு எந்தப் பக்கம், குழாய் எங்கே, விளக்குக் கம்பம் எங்கே, படி எத்தனை என்று குறியுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை எட்டு என்று நினைவில் நடந்து பாருங்கள். பிறகு ஒரே ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரமா, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரமா? நேரம் தெரிந்தால் வெயில் எந்தச் சுவரில் என்று தெரியும். யார் வெளியே, யார் உள்ளே என்றும் தெரியும். நினைவில் இருப்பதையெல்லாம் ஒரே படத்தில் அடைப்பதால்தான் இத்தகைய படங்கள் பொருட்காட்சி போல ஆகிவிடுகின்றன.

புகைப்படத்தை வடிவத்துக்கு மட்டும் நம்புங்கள், வெளிச்சத்துக்கு நம்பாதீர்கள். பழைய பிலிம்களில் ஒரு வகை, சிவப்பு நிறத்தை உணராது. செங்கல் அதில் கன்னங்கரேலென்றும் நீல வானம் வெறும் வெள்ளையாகவும் விழும். அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் வெயில் காயும் தெருவும் இரவுபோல ஆகிவிடும்.

கேள்வி: லௌரியின் ‘குளம்’ படத்தில் உள்ள இடம் உண்மையில் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. 1950-இல் வரைந்த அந்தப் படம் பல இடங்களைச் சேர்த்துக் கட்டியது. பின்னால் தெரியும் ரயில் பாலம் மட்டும் ஸ்டாக்போர்ட் நகரத்தில் இருப்பது. ஒன்றிரண்டு பொருள் துல்லியமாக இருந்தால் மீதியைக் கண் நம்பிவிடும். இந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு.

கேள்வி: எங்கள் குடியிருப்பைப் பற்றி 15 படங்களாக ஒரு தொடர் செய்கிறேன். நாலாவது படத்துக்குள்ளேயே நிறம் மாறிப்போய், வேறு வேறு ஊர் போல இருக்கிறது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஓவியர் ஜேக்கப் லாரன்ஸிடம் இதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் வேலை தேடிப் பெயர்ந்ததை 1940–41-இல் 60 பலகைகளில் வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 18 அங்குலம், கேசின் டெம்பரா (பால் புரதத்தில் குழைத்த) வண்ணம். ஒவ்வொரு படமாக முடிக்கவில்லை. அறுபதுக்கும் கோட்டுப்படம் போட்டுவிட்டு, ஒரு நிறத்தை எடுத்து, அது வரும் இடத்திலெல்லாம் எல்லாப் பலகையிலும் பூசினார். அப்புறம்தான் அடுத்த நிறம். இன்று இரட்டைப்படைப் பலகைகள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் ஒற்றைப்படைப் பலகைகள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனிலும் இருக்கின்றன. நகரம் பிரிந்தும் தொடர் பிரியவில்லை.

நீங்கள் அக்ரிலிக்கில் செய்கிறீர்கள் என்றால் ஆறு நிறம் முடிவு செய்து, ஒவ்வொன்றையும் மூடியுள்ள டப்பாவில் தேவைக்கு ஒன்றரை மடங்கு கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் இருளும் என்பதால், ஒப்பிடுவதற்குக் காய்ந்த மாதிரித் துண்டை டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: தெருக்காட்சிப் பிரதி ஒன்றை வாங்கிக் கண்ணாடி போட்டேன். இரண்டு வருடத்தில் சிவப்பு மட்டும் வெளுத்துவிட்டது.

வெயில். அச்சு மைகளில் சிவப்பு, மஞ்சள் வகைகள்தான் பெரும்பாலும் முதலில் போகின்றன. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். பிரேமைப் பிரித்து, தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் அமிலமில்லாத அட்டை மவுண்ட் இருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும். வெளுத்த நிறம் திரும்பாது. மேலே வண்ணம் தொட்டுச் சரிசெய்யவும் முயல வேண்டாம்.