"நீங்களே வச்சுக்கிடுங்க" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்

கேள்வி: எனக்கு வயது 25. சொந்த ஊர் முக்கூடல் பக்கம். கணவர் வீடு திசையன்விளை அருகே. அவர் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பெண் குழந்தைக்கு நாலரை மாதம், தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் அறியாதவள். பேறுகாலம் முடிந்து என் அம்மா வீட்டில்தான் இருந்தோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போக வேண்டும் என்று கணவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைக்கு அரைஞாண் கொடி போடவில்லை என்று மாமியார் எடுத்த பேச்சு பெரிய சண்டையாகி, என் அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையைத் தர மறுத்துவிட்டார்கள். இன்றோடு 19 நாள். டின் பால் கொடுக்கிறார்களாம். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். பீய்ச்சி எடுத்துச் செம்பருத்தி மூட்டில் ஊற்றுகிறேன். செத்துப்போகலாம் போல இருக்கிறது. மூன்றாம் நாள் கோபத்தில் கணவருக்கு, "பிள்ளையையும் நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். பால் கொடுப்பது தாயின் அடிப்படை உரிமை என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதாமே? கடத்தல் வழக்கும் வரதட்சணை வழக்கும் போடலாமா? ஞாயிற்றுக்கிழமை மகளிர் காவல் நிலையத்தில் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறது. அதில் ஐந்து பக்கம் மாமியார். எதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் அந்த ஐந்து பக்கத்தையும் அப்படியே மனுவில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் நீதிபதி புரட்டிவிட்டு நான்கு கேள்விதான் கேட்பார். பிள்ளைக்கு எத்தனை மாதம்? இதுவரை யாரிடம் இருந்தது? எந்தத் தேதியில் பிரிந்தது? அன்றிலிருந்து தாய் என்ன செய்தாள்? முதல் மூன்றுக்கும் உங்கள் பதில் பலமானது. நான்காவதில்தான் ஓட்டை. அந்த ஓட்டை நீங்களே அனுப்பிய பத்து விநாடி வாய்ஸ் மெசேஜ்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6. ஐந்து வயது நிறையாத குழந்தை "சாதாரணமாக" தாயிடம்தான் இருக்க வேண்டும். தாய் தகுதியற்றவள் என்றால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு தகப்பனுக்கு என்று ரோக்சன் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. நாலரை மாதக் கைக்குழந்தை விஷயத்தில் இதற்கு மேல் சட்டம் தேட வேண்டியதில்லை.

அடிப்படை உரிமைத் தீர்ப்பு என்று நீங்கள் குறிப்பிடுவது கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. வாட்ஸ்அப்பில் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஆஸ்பத்திரியிலிருந்து திருடப்பட்ட குழந்தையின் வழக்கு. பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் நடுவில் வந்தது. தகப்பன் கேட்ட வழக்கு இல்லை, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. வாதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதை நம்பி மனுப் போட முடியாது.

கடத்தல் வழக்கு எடுக்க மாட்டார்கள். தகப்பன் சட்டப்படி இயற்கைக் காப்பாளர். தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருப்பவர் மீது கடத்தல் என்று எழுதிக்கொண்டு போனால் ஸ்டேஷனில் சிரித்து அனுப்புவார்கள், அந்தச் சிரிப்பில் உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் போகும். வரதட்சணைக் கொடுமை வழக்கை இப்போது எடுக்காதீர்கள். கணவர், மாமியார், நாத்தனார் என்று வரிசையாகப் பெயர் எழுதினால் அவர்கள் முன்ஜாமீனுக்கு ஓடுவார்கள். ஓடுகிறவர்களின் கையில் இருக்கும் ஒரே பிடி உங்கள் பிள்ளை. அதை விடுவார்களா? நகையும் அப்படித்தான். சீர்வரிசையைப் பிறகும் கேட்கலாம், அதற்குத் தனி வழி இருக்கிறது. அரைஞாண் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர்கள் கேட்டால் "போடுகிறோம்" என்றே சொல்லித் தொலையுங்கள்.

சரி, அந்த வாய்ஸ் மெசேஜ். "கோபத்தில் சொன்னதுதானே, கோர்ட்டில் செல்லுமா?" என்று கேட்பீர்கள். செல்லும். மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் விதி இருந்தாலும், குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 14, சாட்சியச் சட்டத்தின் கறார் இல்லாமலே எதையும் பார்க்கவும் கேட்கவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் செல்போனை எடுத்து ஓட விடுவார், உங்கள் குரல் அறை முழுக்கக் கேட்கும். ஒரு வாக்கியத்துக்காக எந்த நீதிபதியும் கைக்குழந்தையைத் தாயிடம் தராமல் இருக்கப்போவதில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் நீங்கள் எழுத்தில் எதுவுமே கேட்கவில்லை என்றால், அது கோபப் பேச்சு என்று யார் நம்புவார்கள்? "விட்டுவிட்டுப் போனாள், வேண்டாம் என்றாள், வரவுமில்லை" என்ற கதை தானாக எழுந்து நிற்கும். அவர்கள் பிடுங்கிக்கொண்டது நாளாக ஆக நீங்கள் விட்டுவிட்டுப் போனதாக மாறிவிடும். வக்கீலான என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் விழுந்த குழி இதுதான். அடித்ததாலும் திட்டியதாலும் தோற்றவர்களை நான் பார்த்ததில்லை. சும்மா இருந்ததால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெசேஜை அழிக்காதீர்கள். இத்தனை நாளுக்குப் பிறகு உங்கள் போனில் அழித்தாலும் அவர்கள் போனில் அது அப்படியே இருக்கும், வேறு போனிலும் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாக இன்று இரவே எழுத்தில் அனுப்புங்கள்: "அன்று கோபத்தில் பேசிவிட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் எப்போதும் தயார். இன்றே வந்து அழைத்துக்கொள்கிறேன். அதுவரை தினமும் அங்கே வந்து பால் கொடுத்துவிட்டுப் போக அனுமதியுங்கள். அதுவும் முடியாது என்றால் பீய்ச்சிய பாலை அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக் கொடுங்கள்." இதையே கடிதமாக எழுதி ஸ்பீடு போஸ்டிலும் போடுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். ஒரு நாளாவது அண்ணன் ஐஸ் பெட்டியோடு அந்த வாசலில் போய் நிற்கட்டும். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தாலும் நிற்கட்டும். வாங்கிக்கொண்டால் பிள்ளைக்குப் பால் கிடைத்தது. வாங்கவில்லை என்றால் அதைவிட நல்ல சாட்சி நான் தேடினாலும் கிடைக்காது. சத்தம் மட்டும் போடக் கூடாது. ஆள் சேர்த்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கி வரும் யோசனை உங்கள் பெரியப்பாவுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை வீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. போங்கள். போகாவிட்டால் அதையும் உங்கள் கணக்கில் எழுதுவார்கள். ஆனால் அங்கே நடப்பது எனக்கு மனப்பாடம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து டீ குடிப்பார்கள். மாலைக்குள் ஒரு வெள்ளைத்தாள் வரும். "பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். அதுவரை குழந்தை தகப்பனிடம் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." சும்மா ஃபைலுக்குத்தான், கையெழுத்துப் போடுங்கம்மா என்பார்கள். அந்த இரண்டாவது வரி இருக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள். பிள்ளைக்கு ஐந்து மாதமாக இருந்தபோது இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்து. "பேசித் தீர்ப்பது" கோவில் கொடை முடியட்டும், ஆடி கழியட்டும் என்று ஏழு மாதம் ஓடியது. என்னிடம் வரும்போது பால் வற்றிவிட்டது. அந்தப் பிள்ளை ஆச்சியை அம்மா என்று கூப்பிட்டது. நீதிமன்றம் முதலில் கொடுத்தது சனிக்கிழமைகளில் கோர்ட் வளாகத்திலேயே பார்க்கும் அனுமதி. முதல் சனிக்கிழமை அவள் புதுக் கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தாள். பிள்ளை அதை வாங்கிக்கொண்டது, இவளிடம் மட்டும் வரவில்லை. இவள் மடியில் வைத்ததும் வீறிட்டுக் கத்தி, நெளிந்து, ஆச்சியிடம் கை நீட்டியது. அதையும் எதிர்த்தரப்பு வக்கீல் பதிவு செய்யச் சொன்னார். கடைசியில் பிள்ளை அவளிடம் வந்தது உண்மைதான். அதற்கு இரண்டு வருடம் ஆனது. இத்தனைக்கும் சட்டம் முதல் நாளிலிருந்தே அவள் பக்கம்தான் இருந்தது.

உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். காய்ச்சல் என்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். முதலில் உங்கள் உடம்புக்காக. பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடவே ஓபி சீட்டில், பால் கொடுக்கும் தாய், குழந்தை பிரிந்திருப்பதால் பால் கட்டியிருக்கிறது என்று டாக்டர் தேதியோடு எழுதிக் கொடுத்தால் அது என் கையில் பத்து சாட்சிக்குச் சமம். பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், விட்டால் குறைந்துவிடும். எத்தனை மணிக்கு ஒரு தரம், எப்படி எடுத்து வைப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று எனக்கு எழுதியதையும் அந்த டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம், இலவசம். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவதுதான். மருத்துவம் பார்த்துக்கொண்ட ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முடியாது. அதே வாக்கியத்தைக் கணவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே அது "மனநிலை சரியில்லாதவள்" என்ற எதிர்மனுவாகத் திரும்பி வரும்.

தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆறு, பத்து, பதினான்கு வாரத்து ஊசிகள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தானே போட்டீர்கள்? அந்த மூன்று தேதிகளும் பிள்ளை இந்த 19 நாளுக்கு முன்வரை எங்கே, யாரிடம் வளர்ந்தது என்பதற்கு அரசாங்கப் பதிவு. அட்டை கணவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் கிராம செவிலியரைப் பாருங்கள், அவர் பதிவேட்டில் இருக்கும். அவசரம் எதற்கு என்றால், கணவருக்குக் கடை சென்னையில். பிள்ளையை அங்கே கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்துவிட்டால், குழந்தை "வழக்கமாக வசிக்கும்" இடம் சென்னை, திருநெல்வேலி குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதம் வரும். அது நிற்காத வாதம்தான். ஆனால் நிற்காத வாதத்துக்கும் நாலு வாய்தா ஆகும்.

டின் பாலில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த டின்னிலேயே தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு தடவை நான் அந்த டின்னையே நீதிபதியிடம் காட்டியிருக்கிறேன்.

எங்கே மனுப் போடுவது? மூன்று வழி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், பிள்ளையை நீதிபதி முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு வேகமானது. தகப்பனிடம் இருக்கும் குழந்தை என்றால், எடுக்கவும் செய்வார்கள், விரிவான விசாரணை வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பவும் செய்வார்கள். குடும்ப நீதிமன்றத்தில் முறையான பொறுப்பு மனு எப்படியும் வேண்டும், கூடவே இடைக்கால மனு. உங்கள் நிலையில் நான் முதலில் எடுப்பது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். பிரிவு 21இன்படி மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் தரச் சொல்லலாம். பிரிவு 27இன்படி நீங்கள் இப்போது தங்கியிருக்கும் அம்மா வீட்டு எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், திசையன்விளைப் பக்கம் அலைய வேண்டாம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் இந்தச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் யார் என்று விசாரியுங்கள். பணம் இல்லை என்ற தயக்கம் இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது. சமாதானமாகப் போங்கள். கணவரோடு சேர்ந்து வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் விருப்பம். பிள்ளை விஷயத்தில் மட்டும். பிள்ளை என்னிடம், ஞாயிறு தோறும் தகப்பன் என் அம்மா வீட்டில் வந்து பார்க்கலாம், நகைப் பேச்சு ஆறு மாதத்துக்கு இல்லை, யார் மீதும் போலீஸ் புகார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த நான்கையும் நீங்களே முதலில் வாய்திறந்து சொல்லுங்கள். அவர்களுக்குப் பயம் போலீசைப் பற்றித்தான். அது போய்விட்டால் பாதிப் பேர் அன்று மாலையே பிள்ளையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒத்துக்கொண்டால் ஊர்ப் பெரியவர் எழுதும் முச்சலிக்கையோடு நிறுத்தாமல், மனுவைப் போட்டு நீதிமன்றச் சமரச மையத்தில் பதிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திங்கட்கிழமை காலை மனு. ஓபி சீட்டு, தடுப்பூசித் தேதிகள், ஸ்பீடு போஸ்ட் ரசீது, அந்த வாய்ஸ் மெசேஜ் உள்ள போன், நாலையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். மெசேஜைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.