கிறிஸ்மஸ் மரத்தை ஹோட்டலில் வைத்திருப்பதுபோல நேர்த்தியாகச் சோடிப்பது எப்படி? எவ்வளவு சாமான் வாங்கித் தொங்கவிட்டாலும் எனக்கு அலங்கோலமாகத்தான் வருகிறது.

சாமான் கூடிப்போனதுதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி உருண்டை, ஒரு மினுங்கல் தோரணம் என்று வாங்கி வந்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்த யாரோ மரத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டும் போயிருப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் போன நத்தாருக்கு வந்த மாமி ஒருவர் விறாந்தையில் நின்றபடியே, "ஆரைக் கொண்டு செஞ்ச புள்ள? எவ்வளவு எடுத்தாங்க?" என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்று சொல்லியும் கடைசிவரை அவர் நம்பவில்லை. எங்களுடையது மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு சாதாரண வீடு. மரமும் ஆறடிப் பிளாஸ்ரிக் மரம்தான், பெட்டியிலிருந்து எடுத்தபோது தும்புத்தடி மாதிரி நின்றது. அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முதல் வேலை கொப்பு விரிப்பது. எல்லாரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். பெட்டிக்குள் நசிந்து கிடந்த கம்பிக் கொப்புகளை அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம், ஒன்றைச் சற்று மேலே என்று வளைத்துவிட வேண்டும். தண்டை ஒட்டிய சின்னக் கொப்புகளையும் விடக்கூடாது. கையைக் கீறும், ஒரு பழைய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை, நடுத்தண்டு வெளியே தெரிகிற மரத்தில் தங்கமே கட்டித் தொங்கவிட்டாலும் வடிவு வராது.

அப்புறம் லைற். உருண்டை கட்டிய பிறகு லைற் சுற்றுவது வேண்டாம், எப்போதும் லைற்தான் முதல். பொதுவாகச் சொல்கிற கணக்கு மரத்தின் ஓர் அடிக்கு 100 குமிழ், ஆறடிக்கு 600. அவ்வளவு வாங்க முடியாவிட்டால் இருக்கிற சரத்தை வெளிவிளிம்பில் மட்டும் சுற்றி முடித்துவிடாதீர்கள், ஒவ்வொரு கொப்பிலும் தண்டுவரை உள்ளே கொண்டுபோய் மறுபடி நுனிக்குக் கொண்டு வாருங்கள். வெளிச்சம் உள்ளேயிருந்து வந்தால்தான் மரத்துக்கு ஆழம் தெரியும், ஹோட்டல் மரத்தில் உங்களுக்குப் பிடித்திருப்பதும் அந்த ஆழம்தான். பெட்டியில் வோர்ம் வைற் என்று போட்டதை வாங்குங்கள், மெழுகுதிரியின் மஞ்சள் சாயல் அதில் இருக்கும். விதம்விதமாக மின்ன வைக்கிற பட்டனை நிலையாக எரிவதில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பல நிறத்தில் மின்னினால்தானே நத்தார், ஒரே நிறம் கொழும்புக்காரர் பழக்கம் என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். மின்குமிழ் போட்ட முதல் மரத்தை 1882இல் நியூயோர்க்கில் தன் வீட்டில் வைத்தவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜோன்சன். அதில் இருந்த 80 குமிழும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று நிறத்துக்குள்தான். பல நிறம் பிடித்தவர்கள் வைக்கட்டும், அது அவர்கள் வீடு. கேள்வி நேர்த்தியைப் பற்றி என்பதால் சொல்கிறேன், லைற்றைத் தவிர்த்து மூன்று நிறத்துக்கு மேல் போகவேண்டாம். எங்கள் மரத்தில் தங்கம், வெள்ளை, கடும் சிவப்பு, அவ்வளவுதான். ஒரே நிறத்திலேயே பளபளப்பானது, மங்கலானது, மினுக்கம் தூவியது என்று கலந்து வாங்கினால் சலிப்பும் வராது. பெரிய உருண்டைகளைக் கொப்பின் நுனியில் தொங்கவிடாமல் தண்டுப் பக்கமாக உள்ளே தள்ளிக் கட்டுங்கள், இடைவெளியும் மறையும், லைற் வெளிச்சமும் அதில் பட்டுத் திரும்பும். சின்னதுகள் நுனிக்கு, மரத்தின் மேல்பகுதிக்கு.

ரிபனை மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்த ரிபன், இரண்டரை அங்குல அகலம். அதை மேலிருந்து கீழே ஒரே நீளமாகச் சுற்றினால் மரத்துக்குக் கட்டுப்போட்டதுபோல இருக்கும். இரண்டு, மூன்று அடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை இரண்டு விரலால் கசக்கிக் கொப்புக்குள் ஆழமாகச் செருகுங்கள். பிறகு ஒரு சாண் விட்டு அடுத்த இடத்தைக் கிள்ளிச் செருகுங்கள். நடுவில் நிற்கிற துண்டைக் கம்பி இழுத்துப் பிடித்திருக்கும், அதை விரலால் உள்ளிருந்து தள்ளி உப்பவிடுங்கள். மாமி வந்து தொட்டுப் பார்த்தது இந்த ரிபனைத்தான். முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, எங்கே அடைந்து கிடக்கிறது என்று உடனே தெரியும்.

பஞ்சைப் பிய்த்துப் பனி என்று போடுவது வேண்டாம். மாரி மழை கொட்டுகிற டிசம்பரில் பஞ்சு ஈரத்தை இழுத்து இரண்டு நாளில் அழுக்காகிவிடும்.

"சவுக்குக் கொப்பு வெட்டிக் கடதாசிப் பூக்கட்டிக் கொண்டாடிய ஊர் இது, இந்த ஆடம்பரம் தேவையா" என்று ஒருவர் எழுதுவார் என்பதும் எனக்குத் தெரியும். சவுக்கு மரத்தில் வளர்ந்தவள்தான் நானும், அதை ஒரு நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். சவுக்குக் கொப்பையும் இதே முறையில் மூன்று நிறத்தில் சோடிக்கலாம். டிசம்பர் 26 எங்கள் கரைக்கு என்ன நாள் என்பதும் தெரியும், 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் பட்டதை நான் யாரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டு மரத்தில் லைற் போடுவதில்லை. அதற்காக 24ஆம் திகதி பிள்ளைகள் இருட்டில் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் மரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பியதை, சோடனைச் சாமான் விற்கிற ஒரு கடை தன் முகநூல் பக்கத்தில் தங்கள் வேலை என்று போட்டு வைத்திருந்தது. பின்னால் எங்கள் வீட்டு யன்னல் சீலை அப்படியே தெரிகிறது! கேட்டதற்குப் பதில் இல்லை, படத்தைத் தூக்கிவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள். தங்கச்சி வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள், அவள் கேக் படத்தையும் வேறொருவர் இப்படித்தான் எடுத்துக் காட்டி ஓடர் பிடித்தார். விடியவிடிய நின்று ஐசிங் செய்தவளுக்கு அந்த ஓடரில் ஒரு சதமும் இல்லை. வீட்டிலிருந்து பெண்கள் செய்கிற வேலை என்றால் சொந்தக்காரி இல்லாத பொருள் என்று நினைக்கிறார்கள். படம் எடுத்தால் மூலையில் உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று, உருண்டையோடு வருகிற இரும்புக் கொளுக்கி உப்புக்காற்றில் கறள் பிடித்து ரிபனில் கறை விடும். அதைக் கழற்றிவிட்டு நைலோன் நூலால் கட்டுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திருக்காட்சிப் பெருவிழா முடிந்து ஜனவரியில் மரத்தைக் கழற்றும்போது ரிபனை மடிக்காமல் சுருட்டி வைத்தால் அடுத்த வருடமும் பாவிக்கலாம். மரத்தின் உயரத்தையும், கையில் என்ன நிறத்தில் சாமான் இருக்கிறது என்பதையும் கீழே எழுதினால் எதை எடுத்து எதை விடலாம் என்று சொல்கிறேன்.