வாசகர் கேள்வி–பதில்: பழைய சொகுசுக் காருக்கு எந்த டயர்?

கேள்வி: 1996-இல் என் தந்தை வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 220 இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. டயர்களில் பட்டன் (சாலையைத் தொடும் பகுதியிலுள்ள வரிப்பள்ளம்) பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, சாலையின் ஒவ்வொரு ஒட்டும் உள்ளே கேட்கிறது. டயர் கடையில், "இந்தப் பதினைந்து அங்குலமெல்லாம் பழைய காலம், பதினேழு அங்குல அலாய் வீலுக்கு மாறிவிடுங்கள், வண்டி எடுப்பாக இருக்கும்" என்கிறார்கள். மாறலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வீலைப் பற்றிப் பேசுவதற்கு முன் டயரின் வயதைப் பாருங்கள். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் மொட்டையாகும் முன்பே காய்ந்துவிடுகிறது. வெயிலும் ஓசோனும் அரிக்காமல் இருப்பதற்காக டயர் ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு, வளைந்து நெளியும்போது அவை உள்ளிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பாகப் படிகின்றன. மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும் காரில் அந்தக் கசிவு சரிவர நடப்பதில்லை. அதனால்தான் தினமும் ஓடும் டாக்ஸியின் டயரில் காணாத மயிரிழை வெடிப்புகளை, துணி போர்த்தி நிறுத்திய காரின் டயரில் காண்கிறோம். ரப்பர் இறுகிவிட்டால் சத்தமும் அதிர்வும் கூடும், மழையில் பிடிப்பும் குறையும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது இங்கே பயன்படாத அளவுகோல்.

டயரின் பக்கச்சுவரில் 'டிஓடி' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். வெளிப்பக்கம் தென்படவில்லையென்றால் வண்டியை லிஃப்டில் ஏற்றி உட்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கார் நிறுவனங்கள் பலவும் தங்கள் கையேடுகளில் ஆறு ஆண்டுகளை எல்லையாகச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொண்டு அதிகபட்சம் பத்து ஆண்டுகள் என்கின்றன. நம் ஊர் வெயிலை நினைத்தால் நான் கார் நிறுவனங்களின் பக்கம்தான் நிற்பேன். ஸ்டெப்னியையும் மறவாமல் பாருங்கள். இந்த மாடலில் அது முழு அளவு டயர் என்பதாலும், வெயில் படாமல் கிடப்பதாலும், பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். நான்குக்குப் பதில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதாவது உங்கள் தந்தை வண்டியை எடுத்த நாளில் உடன்வந்ததாகவே இருக்கக்கூடும். பஞ்சரான இடத்திலிருந்து பக்கத்து ஊர்வரை செல்லக்கூட அதை நம்பாதீர்கள்.

இனி அளவு. புனேயில் 1995 முதல் தொகுக்கப்பட்ட, டபிள்யூ 124 என்ற மாடல் குறியீடு கொண்ட இந்தக் கார்களுக்கு உரியது 195/65 ஆர் 15 டயர். அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். பழைய காலத்து அளவு என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வருந்த வேண்டாம். பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்களிலேயே நீங்கள் அதிர்ஷ்டசாலி. கொரோலா ஆல்டிஸ், ஹோண்டா சிவிக், முதல் தலைமுறை ஆக்டேவியா ஆகியவற்றில் வந்ததும் இதே அளவுதான் என்பதால் எல்லா நல்ல நிறுவனங்களும் இதைத் தயாரிக்கின்றன. சிறு ஊர்க் கடையிலும் கிடைக்கும், வேகமாக விற்பதால் புதிய சரக்காகவும் கிடைக்கும்.

பதினேழு அங்குலத்துக்கு மாறுவதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 634 மில்லிமீட்டர். 225/45 ஆர் 17 டயரின் விட்டமும் அதுவே. ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் இடையிலுள்ள ரப்பர்ச் சுவரின் உயரம் 127 மில்லிமீட்டரிலிருந்து 101 மில்லிமீட்டராகக் குறைகிறது. அந்த ஓர் அங்குல ரப்பரும் அதற்குள் அடைபட்ட காற்றும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதி. அந்தக் காரின் ஸ்பிரிங், டாம்பர் (ஷாக் அப்சார்பர்), இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் எல்லாம் உயரமான டயரோடு சேர்ந்து வேலை செய்யும்படி இசைக்கப்பட்டவை. முப்பது வயதான புஷ்களின் மேல் மெல்லிய டயரை ஏற்றினால், பள்ளத்தின் அடி முழுவதும் முதலில் ரிம்முக்கும், அடுத்து புஷ்ஷுக்கும், கடைசியில் உங்கள் முதுகுக்கும் வந்து சேரும். சொந்த அனுபவத்திலிருந்தே இதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையின் பேச்சைக் கேட்டு என் பழைய காருக்குப் பெரிய வீல் மாட்டி, ஒரே மழைக்காலத்தில் இரண்டு ரிம்களை வளைத்துக்கொண்டு, கழற்றி வைத்திருந்த பழைய வீல்களையே தேடி எடுத்து மாட்டினேன். நல்லவேளையாக அவற்றை எடைக்குப் போடாமல் இருந்தேன்.

கடைக்காரர் வேறொரு காரின் அலாய் வீலைக் காட்டி, "ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர், அப்படியே உட்காரும்" என்று சொன்னால் மேலும் கவனம் தேவை. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்கள் பலவற்றிலும் போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 112 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த வீல்களின் நடுத்துளை பெரும்பாலும் 57.1 மில்லிமீட்டர், உங்கள் பென்ஸில் வீல் உட்காரும் ஹப் 66.6 மில்லிமீட்டர். கடைந்தால்தான் உட்காரும். போல்ட்டின் இருக்கையும் பார்க்க வேண்டியது: பென்ஸ் போல்ட்டின் அடிப்பகுதி உருண்டை வடிவம், வெளிச்சந்தை அலாய்களில் பலவற்றுக்குக் கூம்பு வடிவ போல்ட் வேண்டும். ஒன்றின் போல்ட்டை மற்றதில் முடுக்கினால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும், ஓட ஓடத் தளரும்.

எனவே பழைய அளவிலேயே, 'டூரிங்' அல்லது 'கம்ஃபர்ட்' வகை டயரை வாங்குங்கள். மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. உள்நாட்டு நிறுவனங்களிலும் இணையானவை உண்டு. பக்கச்சுவரில் 91 எச் அல்லது 91 வி என்று இருக்கிறதா என்று பாருங்கள். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ சுமக்கும் என்பதைக் குறிக்கிறது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. அந்த வேகத்தில் நீங்கள் போகப்போவதில்லை என்பது உண்மைதான்; ஆனாலும் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்வதால், சித்திரை வெயிலில் நால்வழிச் சாலையில் செல்பவருக்கு அதில் பொருள் இருக்கிறது. டி என்று குறித்த மலிவு டயர் வேண்டாம். கடையில் மாட்டுவதற்கு முன்பே நான்கு டயர்களின் தேதியையும் பார்த்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் வேறு கேளுங்கள். ஓடும் அளவு என்பதால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும்.

புது டயர் மாட்டி, வீல் பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் போகவில்லையென்றால் டை ராடு முனைகளையும் ஸ்டீயரிங் டாம்பரையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

கேள்வி: என் பழைய பென்ஸில் இரண்டு டயர்கள் மட்டுமே தேய்ந்திருக்கின்றன. இரண்டு மட்டும் மாற்றினால், புதியவற்றை முன்னால் போடுவதுதானே சரி?
– வாசகர், திருச்சி

பதில்: பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி மீண்டும் கிடைத்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைத் திருத்த எல்லோராலும் முடியாது. உங்கள் காரில் இன்ஜினின் இழுவையும் பின் வீல்களுக்கே போகிறது என்பது கூடுதல் காரணம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை பட்டன் இருந்தால் போதும். ஆனால் மழைநீரை வெளியேற்ற அது போதாது என்பதால், 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே நான் மாற்றிவிடுவேன்.

கேள்வி: என்னிடம் 2010-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 320 டி இருக்கிறது. ரன்ஃபிளாட் டயர்கள், ஸ்டெப்னி கிடையாது. ஒவ்வொரு குழியிலும் இடி விழுவதுபோல் சத்தம். சாதாரண டயருக்கு மாறினால் வண்டிக்குக் கேடு என்று சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் கார் அநேகமாகச் செங்கல்பட்டு அருகே, 2007-இல் திறக்கப்பட்ட ஆலையில் தொகுக்கப்பட்டதாக இருக்கும். பிறந்தது நம் ஊரில். ஆனால் டயர் ஜெர்மன் நெடுஞ்சாலையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரன்ஃபிளாட் டயரின் பக்கச்சுவர் தடித்தும் விறைப்பாகவும் இருப்பதால், காற்று முழுவதும் இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டலாம். அதற்குக் கொடுக்கும் விலைதான் நீங்கள் கேட்கும் அந்த இடி.

மாறலாம், கேடு இல்லை. உங்கள் ரிம்மில் சாதாரண டயூப்லெஸ் டயர் தாராளமாக உட்காரும்; ஒரே அச்சில் ஒன்று ரன்ஃபிளாட், ஒன்று சாதாரணம் என்று கலக்காமல் நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். மாறியவர்கள் பெரும்பாலும் சொல்வது, வண்டி மிருதுவாகிவிட்டது, வளைவில் கொஞ்சம் தளர்வாகத் தெரிகிறது என்பதுதான். சில கார்களில் முன்னால் 225/45 ஆர் 17, பின்னால் 255/40 ஆர் 17 என்று இரண்டு அளவுகள் இருக்கும்; அப்படியானால் முன்பின் மாற்றிப்போடும் வழக்கமும் உங்களுக்கு இல்லை என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டுங்கள்.

யோசிக்க வேண்டியது பஞ்சரான பிறகு என்ன செய்வது என்பது. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஒரு சிறு கம்ப்ரஸரும் பஞ்சர் ஒட்டும் கருவிகளும் போதும். ஆனால் ஆணியால் விழும் ஓட்டைக்குத்தான் அவை உதவும், குழியில் அடிபட்டுப் பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. இரவில் குடும்பத்தோடு தென்மாவட்டங்களுக்குச் செல்பவரானால், ஹப்புக்குப் பொருந்தும் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றையும் ஜாக்கியையும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வைக்கும் இடம் குறையும், வேறு வழியில்லை.

கேள்வி: 1995 மாடல் எஸ் 500 வைத்திருக்கிறேன். டயரில் 235/60 ஆர் 16, 100 என்று இருக்கிறது. எங்கும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த டயர் நல்ல நிலையில் இருப்பதாக ஒருவர் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். இரண்டு டன்னை நெருங்கும் காருக்கு, யார் எப்படி ஓட்டினார்கள், எங்கே மோதினார்கள், உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரியாத டயரை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதுபோல.

2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டதிலிருந்து, உள்நாட்டில் அதிகம் விற்காத அளவுகளைக் கொண்டுவருவது வியாபாரிகளுக்குச் சிரமமாகிவிட்டது. எனவே பெரிய நகர விற்பனையாளர் ஒருவரிடம் முன்பதிவு செய்து காத்திருப்பதே முதல் வழி. அதுவும் முடியாதபோது 225/60 ஆர் 16-ஐப் பார்க்கலாம். விட்டம் ஏறக்குறைய இரண்டு விழுக்காடுதான் குறையும். ஆனால் சாதாரணமாக அதில் 98 என்று இருக்கும், அது 750 கிலோதான். உங்களுக்கு வேண்டிய 100 என்பது 800 கிலோ. 'எக்ஸ்எல்' (கூடுதல் சுமைக்கானது) என்று குறித்து 102 என்ற எண்ணுடன் வருவதைத் தேடுங்கள். அதை உரிய கூடுதல் காற்றழுத்தத்தில் ஓட்டினால்தான் அந்தச் சுமையைத் தாங்கும். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக ஜீப் வகை வண்டிகளுக்கான முரட்டு பட்டன் டயரை மாட்டிவிடாதீர்கள். அந்தக் காரின் மௌனம் முழுவதும் போய்விடும்.

எண்பதுகளின் பி.எம்.டபிள்யூ. சிலவற்றில் 390 மில்லிமீட்டர் ரிம்மில் மிஷெலின் டிஆர்எக்ஸ் டயர் வரும். பதினைந்து அங்குலத்துக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட அந்த ரிம்மில் வேறெந்த டயரும் உட்காராது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் படும் பாட்டோடு ஒப்பிட்டால் உங்கள் நிலை தேவலாம்.

கேள்வி: பழைய காரின் டயருக்கு நைட்ரஜன் அவசியமா? மூன்று மாதம் வெளியூர் செல்கிறேன். டயரை எப்படி விட்டுச் செல்வது?
– வாசகர், மதுரை

பதில்: நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். வெளியூர் செல்லும் முன் வழக்கத்தைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூட அடித்து, வெயில் படாத இடத்தில், எண்ணெய்க் கறை இல்லாத தரையில் நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி வைத்தால், ஒரே இடத்தில் அழுந்தி டயர் தட்டையாவதும் தவிரும். திரும்பி வந்ததும் அழுத்தத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.