வீட்டிலேயே செய்ய எந்த வகை மாதிரி எஞ்சினைத் தேர்ந்தெடுக்கலாம்?

பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீட்டில் 7 அங்குலச் சின்ன லேத் இருக்கிறது. உண்மையாகவே எரிபொருளில் ஓடும் சின்ன மாதிரி எஞ்சின் ஒன்று செய்ய ஆசை. வி-8 செய்யலாமா, மாதிரி விமானங்களில் வரும் குளோ எஞ்சின் செய்யலாமா?"

முதல் எஞ்சினுக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் எஞ்சின்களோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், பெட்ரோல், ஸ்பார்க் பிளக், மெதுவான ஓட்டம் என்று தேர்ந்தெடுங்கள். அதிலும் என் தேர்வு, வேகம் கூடும்போது வெடிப்பைத் தவிர்த்து ஓடும் 'ஹிட் அண்ட் மிஸ்' வகை.

ஸ்பார்க்குக்குப் பதில் கனலும் கம்பியால் எரியும் குளோ எஞ்சினுக்கு எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்திருந்த இதே மெத்தனால்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. மாதிரி டீசல் எஞ்சின்களுக்கு ஈதர் வேண்டும், அதுவும் சட்டென்று தீப்பிடிக்கும். வி-8 என்றால் எட்டு சிலிண்டர், குறைந்தது 16 வால்வுகள். ஒரு வால்வைக் கசிவில்லாமல் உட்கார வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

மெதுவாக ஓடுவதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நம் வயல்களில் ஓடிய பழைய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றின. எது சரியில்லை என்பது காதுக்கும் கண்ணுக்கும் பிடிபட்டுவிடும். 10,000 சுற்றுக்கு மேல் அலறும் குளோ எஞ்சினில் என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது.

ஹிட் அண்ட் மிஸ் எஞ்சினில் எல்லாம் வெளியே தெரியும். வேகம் கூடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எடைகள் விரியும். ஒரு கொக்கி புகை வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அப்போது உறிஞ்சுதல் இல்லை, பெட்ரோல் வராது, வெடிப்பும் கிடையாது; ஃபிளைவீல் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் தணிந்ததும் கொக்கி விலக, ஒரு வெடிப்பு. உள்ளே இழுக்கும் வால்வு பிஸ்டனின் உறிஞ்சலிலேயே திறப்பதால், புகை வால்வைத் தள்ளும் கேம் ஒன்று போதும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 20, 40 பற்கள் கொண்ட இரண்டு கியர்கள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இத்தகைய எஞ்சின் கிளம்புவதும் கிளம்பாததும் பெரும்பாலும் வால்வில்தான் இருக்கிறது. வால்வு உட்காரும் விளிம்பு மெல்லியதாக இருக்கட்டும், அரை மில்லிமீட்டரே போதும். கிரைண்டிங் பேஸ்டை ஊசிமுனை அளவு தடவி, அழுத்தாமல் இரு பக்கமும் உருட்டுங்கள். எங்கும் அறுபடாமல் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும். பிறகு மருந்துக் கடை சிரிஞ்சை ஒரு குழாயால் வால்வின் வாயு வழியில் (போர்ட்) பொருத்தி இழுத்துவிடுங்கள். விட்டதும் சிரிஞ்சின் தண்டு பின்னுக்கு ஓடினால் வால்வு பிடிக்கிறது. அசையாமல் நின்றால் காற்று கசிகிறது, மறுபடி தேய்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனாலும் தகும்.

சிலிண்டரை வார்ப்பிரும்பில் கடையுங்கள். உடைந்துபோன ஆயில் எஞ்சின் ஃபிளைவீல் துண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள், லேத்தில் அருமையாக வெட்டும். துளை 25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கையாளச் சுலபம். பிஸ்டனுக்கு இரும்பு ரிங் செய்யத் தயக்கமாக இருந்தால் இந்த அளவுக்குச் சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ஓ-ரிங் ஒன்றே போதும். ஸ்பார்க்குக்கு 100 சிசி பைக்கின் 10 மில்லிமீட்டர் பிளக், பழைய மொபெட்டின் பிளாட்டினம் (ஸ்பார்க்குக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட்), கண்டென்சர், காயில் என்று மெக்கானிக் கடையிலேயே சேர்த்துவிடலாம்.

எஞ்சினின் ஃபிளைவீலுக்கு நம் பகுதியில் ஒரு வசதி உண்டு. மரத்தில் மாதிரி செய்துகொண்டு நாச்சியார்கோவிலுக்குப் போங்கள். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்துக் குத்துவிளக்கு வார்க்கும் கைகளுக்கு 120 மில்லிமீட்டர் பித்தளைச் சக்கரம் பெரிய வேலையல்ல. பித்தளை இரும்பைவிடக் கனம் என்பதால் எஞ்சினுக்கும் நல்லது. கடைவதற்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். 7 அங்குல லேத்தின் படுக்கைக்கு மேல் இந்த அளவு சுற்றும். ஆனால் குறுக்கு ஸ்லைடுக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்த பிறகே மரத்தைத் தொடுங்கள்.

வார்ப்பே வேண்டாம் என்று நினைத்தால் ஜோ வெப்ஸ்டர் வரைந்த எஞ்சின் இருக்கிறது. உலோகக் கம்பியிலும் கட்டியிலுமிருந்தே முழுதும் வெட்டி எடுக்கலாம். கவர்னர் தரும் அழகு அதில் கிடைக்காது, ஆனால் கற்றுக்கொள்ள நல்ல எஞ்சின்.

இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்யாமல் விட்டால் சிலிண்டர் துரு ஏறிவிடும். எஞ்சினை வாசலில், காற்றோட்டத்தில் மட்டும் ஓட்டுங்கள். சாத்திய அறையில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.